அமைதி அறையில் இன்னொரு குரல்

மனித நாகரிகம் எத்தனையோ கதவுகளைத் திறந்திருக்கிறது. அவற்றுள் தலையாயது எல்லாக் குழந்தைகளுக்குமாகத் திறக்கும் கதவே. இப்படி ஒலிபெருக்கியில் முழங்கிவிட்டுத் தலைமை ஆசிரியர் ரிப்பனை வெட்டிக் கைப்பிடியைத் திருகினார். கதவு திறக்கவில்லை. முந்தின நாள் அடித்த பெயின்ட் காய்வதற்குள் யாரோ சாத்திவிட்டதில் கதவும் நிலையும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டிருந்தன. கைதட்ட எழுந்த கைகள் பாதியில் நின்றன. தச்சர் வந்து, உளியை விட்டு நெம்பி, தோளால் ஓர் இடி இடித்த பிறகுதான் நாகரிகம் திறந்தது.

உள்ளே இருந்தது அமைதி அறை. ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் வகுப்பின் இரைச்சலும் வெளிச்சமும் தாங்காமல் போகும்போது கொஞ்ச நேரம் வந்து உட்கார்ந்து, மூச்சு நிதானப்பட்டதும் வகுப்புக்குத் திரும்பிப் போவதற்கான இடம். யோசனை புதிதாக வந்த சிறப்பு ஆசிரியையுடையது. அவள் கேட்டபோது தலைமை ஆசிரியர் சிரித்து அனுப்பிவிட்டார். அப்படி ஓர் அறை இருக்கும் பள்ளிகளுக்கு 'அரவணைக்கும் பள்ளி' என்று பித்தளைப் பட்டயம் தருகிறார்கள் என்று தெரிந்தபின், அது அவருடைய நெடுநாள் கனவாகிவிட்டது.

இடத்துக்காக அவர் செய்த தியாகம் பெரியது. "என் ரூமையே பாதியா வெட்டிக் குடுத்தேன்" என்று, சிறுநீரகம் கொடுத்தவர் சொல்வதுபோலக் குரலை இறக்கிச் சொல்வார். வெட்டிக் கொடுத்த பாதியில் உடைந்த மின்விசிறிகளும் பழைய வினாத்தாள் கட்டுகளும்தான் அதுவரை குடியிருந்தன. குறுக்கே ஒரு பிளைவுட் தடுப்பு. அந்தப் பக்கம் அமைதி, இந்தப் பக்கம் அவர்.

அமைதி அறையின் மூன்று சுவர்களிலும் தடிமனான பஞ்சுப் பலகை ஒட்டினார்கள். நாலாவது, அந்தப் பிளைவுட் தடுப்பு, வெறுமனே நின்றது.

"நாலு பக்கமும் வேணும் சார்" என்றாள் சிறப்பு ஆசிரியை.

"மூணு பக்கம் அமைதி போதும்மா. நாலாவது பக்கம் கொள்கை."

கொள்கை என்பது ஆளுயரப் படம். தலைமை ஆசிரியர் ஒரு குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்து ஏதோ சொல்கிற கோலம். வாய் லேசாகத் திறந்திருக்கும். கீழே பெரிய எழுத்தில்: 'இங்கே அமைதி பேசும்.'

திறப்பு விழா முடிந்து எல்லாரும் டீ குடிக்கப் போனதும் அவர் தனியாக ஒருமுறை உள்ளே போய்க் கதவைச் சாத்திப் பார்த்தார். மைதானம், தாழ்வாரம், குழாயடி எல்லாமே யாரோ துணியால் துடைத்தாற்போல் காணாமல் போயின. தன் தொண்டை எச்சில் விழுங்குவது கேட்டது. காதுக்குள் ரத்தம் ஓடுவது கேட்டது. அந்த அறை காலியாக இருப்பதாகவே தோன்றவில்லை. யாரோ பேசப் போவதற்கு முன்பு மூச்சை இழுத்துப் பிடித்திருப்பதுபோல் இருந்தது. 'சீ, என்ன இது, கிணத்துக்குள்ள இறங்கின மாதிரி' என்று நினைத்துக்கொண்டு சட்டென்று வெளியே வந்துவிட்டார்.

அவரைப் பற்றி இன்னும் இரண்டு விஷயம் சொல்லிவிட வேண்டும். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் 'ரேடியோ'. அது அவருக்கும் தெரியும். காலைக் கூட்டத்தில் மைதானத்தின் கடைசி மரம் வரை எட்டும் தன் கம்பீரக் குரலுக்குக் கிடைத்த பட்டம் என்று எடுத்துக்கொண்டு, காதில் விழாதவர்போல் மகிழ்ந்துகொள்வார். இரண்டாவது, அவருடைய ஊழியர்கள் அவர் மனத்தைப் படிப்பவர்கள். டீ குடித்தால் தேவலை என்று நினைப்பார். டீ வந்து நிற்கும். அந்த ஃபைலை எங்கே வைத்துத் தொலைத்தேன் என்று யோசிப்பார். கிளார்க் அம்மா அதை ஏந்திக்கொண்டு உள்ளே வருவாள். "சொல்லாமலே செய்யற ஸ்டாஃப். நிர்வாகம்னா அதுதான்" என்று மற்ற தலைமை ஆசிரியர்களிடம் சொல்லி அவர்கள் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வார். வீட்டிலும் அதே யோகம். அவர் வாயைத் திறக்குமுன் மனைவி பதில் சொல்லிவிடுவாள். நல்ல தாம்பத்தியத்துக்கு வார்த்தை எதற்கு என்று இருந்தார்.

அமைதி அறையை அதிகம் பயன்படுத்தியவள் முயல். பத்து வயதுப் பெண். காதை மூடிக்கொள்ளப் பெரிய நீல நிறக் கவசம் மாட்டியிருப்பாள். அதனால் வகுப்பில் வைத்த பெயர். கேலியாக ஆரம்பித்ததுதான், ஆனால் அவள் அதற்கு மட்டும் திரும்பிப் பார்த்ததால் செல்லப் பெயராகிவிட்டது. அம்மா தையல்காரி. பெண்ணைச் சேர்க்க வந்த அன்று, கழுத்தில் அளவு நாடாவை எடுக்க மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"மூணு ஸ்கூல்ல வேணாம்னுட்டாங்க சார். இது நாலாவது. இங்கயும் இல்லைன்னா எங்க பாப்பா என் மிஷினுக்குப் பக்கத்துலயே உக்காந்து வளர வேண்டியதுதான்."

"இங்கே வேண்டாம் என்ற சொல்லே கிடையாதும்மா" என்றார் தலைமை ஆசிரியர். அப்போது புகைப்படக்காரர் கூட இருந்தார்.

முயலுக்குச் சொந்த வார்த்தைகள் குறைவு. ஆனால் கேட்ட வாக்கியங்களைக் கேட்ட குரலிலேயே சேர்த்து வைத்திருந்தாள். லிஃப்ட்டில் வரும் பெண் குரலில் "கதவுகள் மூடப்படுகின்றன" என்றால், என்னைத் தனியே விடுங்கள் என்று பொருள். பஸ் கண்டக்டரின் கரகரத்த தொண்டையில் "இறங்கு இறங்கு, வழிய விடு" என்றால் கழிப்பறைக்குப் போக வேண்டும்.

"சும்மா ஒப்பிக்கலை சார்" என்பாள் சிறப்பு ஆசிரியை. "அவ சொல்ல நினைக்கறதுக்குப் பொருத்தமா அடுத்தவங்க வாக்கியத்தை இரவல் வாங்கறா."

அந்த ஆசிரியை வந்தபின் முயலின் வகுப்பில் நாற்காலிக் கால்களுக்கெல்லாம் பழைய டென்னிஸ் பந்துகள் மாட்டப்பட்டன, இழுத்தால் கிறீச்சிடுவதில்லை. அன்றைய பாடங்கள் படங்களாக மேசை ஓரத்தில் ஒட்டியிருந்தன. மற்றவர்கள் தாழ்வாரத்தில் முட்டி மோதுமுன் முயல் முன்னதாகப் போய்விடலாம். கணக்கில் அவள் வகுப்புக்கே முதலாக வந்துகொண்டிருந்தாள். மணி விஷயத்தில் மட்டும் தலைமை ஆசிரியர் மசியவில்லை.

"மணி அடிக்கறதுக்கு முன்னாடி அவளுக்குச் சொல்லிடணும் சார். திடீர்னு அடிச்சா பயந்துடறா."

"மணியே சொல்றதுக்குத்தானேம்மா அடிக்குது? மணிக்கு ஒரு மணி அடிக்கச் சொல்றியா?"

மணி அடிக்கும்போதெல்லாம் முயல் அலறுவாள். அது தடுப்பைத் தாண்டி அவர் அறைக்கு வரும். அப்போதுதான், தன் சுழல் நாற்காலியில் சாய்ந்து, யாருக்கும் சொல்லாத ஒரு முடிவை அவர் எடுத்தார். 'பட்டயம் வரட்டும். வாங்கி மாட்டிட்டு, அந்தத் தையல்காரம்மாவைக் கூப்பிட்டு நாலு நல்ல வார்த்தை சொல்லி அனுப்பிடலாம்.' நினைத்து முடித்ததும் மனம் லேசானது. நாற்காலியும் கிறீச்சென்று ஆமோதித்தது. அந்த நாற்காலிக்கு எண்ணெய் போடக் கிளார்க் அம்மா அதை வெளியே எடுக்கப் பார்த்தபோதெல்லாம், "இது இங்கயே இருக்கட்டும். யாரும் அசைக்கக் கூடாது!" என்று கர்ஜிப்பார். பதவியேற்ற நாளில் வாங்கிய நாற்காலி.

விஷயம் தொடங்கியது ஒரு காலைப் பொழுதில். பட்டயக் குழுவுக்கு அனுப்பப் படம் எடுக்கலாம் என்று அவர் அமைதி அறைக்குள் எட்டிப் பார்த்தார். முயல் நாலாவது சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். காதுக் கவசம் தரையில் கிடந்தது. அவளுடைய உள்ளங்கை, படத்தில் இருந்த அவருடைய வாயின் மேல் பதிந்திருந்தது.

"வந்ததும் அங்கதான் கையை வைப்பா சார்" என்றாள் சிறப்பு ஆசிரியை. "சில சமயம் தலையாட்டுவா. நான் அதுவரைக்கும் வகுப்புல அவ மேசையில பாடப் படங்களை ஒட்டிட்டு வந்துடுவேன்."

உற்றுப் பார்த்தார். படத்தில் வாய் இருந்த இடம் மட்டும் நிறம் தேய்ந்து வெளுத்திருந்தது. தொட்டுத் தொட்டு.

முயல் திரும்பவில்லை. அவருடைய குரலில், அவருடைய இழுவையோடு, அவர் பெருமூச்சோடு சொன்னாள்: "கால் ஆணி உயிரை வாங்குதே. இதோட எப்படி மேடையில நிக்கறது?"

ஆசிரியை வாயைப் பொத்திக்கொண்டாள். "யார்கிட்ட கேட்டாளோ!"

தலைமை ஆசிரியருக்குக் கழுத்துமுடி குத்திட்டு நின்றது. வலது கால் ஆணியைப் பற்றி அவர் யாரிடமும் மூச்சு விட்டதில்லை. தலைமை ஆசிரியர்களுக்குக் கால் ஆணி வரலாகாது. மனைவி போன வாரம் கால் ஆணி பிளாஸ்டர் வாங்கி வைத்திருந்தாள்தான். ஆனால் அது தாம்பத்தியம். இது என்ன?

அடுத்தது தாளாளர் வந்த அன்று. பெரிய உடம்பைத் தூக்கிக்கொண்டு அவர் படியேறி வர, தலைமை ஆசிரியர் கைகூப்பி நின்றார். பக்கத்தில் வரிசையில் போய்க்கொண்டிருந்த முயல் நின்று, கம்பீரமான குரலில் சொன்னாள்: "வந்துட்டாருய்யா பூசணிக்கா. இன்னைக்கு எதைக் குறை சொல்லப் போறாரோ."

தாளாளர் தலைமை ஆசிரியரைப் பார்த்தார். தலைமை ஆசிரியரின் உதடுகள் இறுக மூடியிருந்தன. தாளாளர் பின்னால் திரும்பிப் பார்த்தார், மேலே பார்த்தார். கிளார்க் அம்மா பலமாக இருமினாள். அவளுக்கு அந்த இருமல் பல வருஷமாக இருந்தது. யாராவது வெளியாள் வந்தால் அதிகமாகிவிடும். டாக்டரைப் பாருங்கள் என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

அந்தச் சொற்கள் தன் மண்டைக்குள் எப்போது வந்தன என்று அவருக்கு நன்றாக நினைவிருந்தது. காலையில், ஜன்னல் வழியே தாளாளரின் கார் நுழைவதைப் பார்த்தபோது. தனியாக இருந்தபோது.

அவர் படித்தவர். பேய் பிசாசு என்றால் சிரிப்பவர். ஆகவே விஞ்ஞான முறையில் ஒரு சோதனை செய்தார். உலகத்தில் தன்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாத ஒன்றைத் தேடி எடுத்தார். பச்சைக் குடை. சிறுவனாகப் பள்ளியில் சேர்ந்த புதிதில் அவர் தொலைத்த குடை. வகுப்பிலேயே விட்டுவிட்டு, திரும்பி எடுக்கப் போகும்போது மணி அடித்து, அந்தச் சத்தத்தில் உடல் நடுங்கி, மழையில் நனைந்துகொண்டே வீட்டுக்கு ஓடிய நாள். அப்பாவிடம் யாரோ பிடுங்கிக்கொண்டதாகப் பொய் சொன்னார். மனைவிக்கும் தெரியாது. அன்று மதியம் அறைக் கதவைத் தாழிட்டு, கண்ணை மூடி, பச்சைக் குடையை மட்டும் நினைத்தார். அதன் வளைந்த பிடி, ஒடிந்த ஒரு கம்பி, மழை வாசனை. நினைக்க நினைக்க அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எதிர்பாராதது அது.

சாயங்காலம் பள்ளி விட்டதும் முயல் வாசலில் அம்மாவுக்காக நின்றிருந்தாள். அவர் நெருங்கினார். வெயில் சாய்ந்து தூண்களின் நிழல்கள் தாழ்வாரத்தில் நீளமாகக் கிடந்தன. சுற்றிலும் யாருமில்லை. முயல் அவரைப் பார்க்கவில்லை. எப்போதும்போல் அவர் தோளுக்கு மேலே எதையோ பார்த்தாள். பிறகு, ஒரு சிறுவன் அழுகையை விழுங்குவதுபோன்ற குரலில் சொன்னாள்.

"பச்சைக் குடை. நான் அதை விட்டுட்டு வந்திருக்கக் கூடாது."

அவர் தூணைப் பிடித்துக்கொண்டார்.

அவள் விடவில்லை. குரல் வளர்ந்து, தடித்து, அவருடைய இன்றைய குரலாயிற்று. "பட்டயம் வரட்டும். தையல்காரம்மாவைக் கூப்பிட்டு நாலு நல்ல வார்த்தை சொல்லி அனுப்பிடலாம்."

தெருமுனையில் தையல்காரி வந்துகொண்டிருந்தாள். இன்னும் பத்தடி முன்னால் வந்திருந்தால் கேட்டிருப்பாள். முயல் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். அம்மா திரும்பி நன்றியோடு கும்பிட்டாள்.

அன்றிலிருந்து தலைமை ஆசிரியர் நினைப்பதை நிறுத்திக்கொள்ள முடிவு செய்தார். சொல்வது எளிது. அறையில் உட்கார்ந்து 'எதையும் நினைக்கக் கூடாது, எதையும் நினைக்கக் கூடாது' என்று நினைத்துக்கொண்டிருப்பார். தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன அசைவு கேட்கும். யாரோ நெருங்கி உட்காருவது போல. பிறகு மிக மெதுவாக, எதிரொலி போல, அவருடைய குரலிலேயே: "எதையும் நினைக்கக் கூடாது. எதையும் நினைக்கக் கூடாது." அவருக்கு வியர்த்துக் கொட்டும். எதிரே சுவரும், சுவருக்குப் பின்னால் தன் படத்தின் முதுகும் இருப்பது நினைவுக்கு வரும். அந்தப் பக்கத்தில் தன் வாயை ஒரு கை மூடியிருப்பதும்.

வீட்டில் மனைவி டீயை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

'இவகிட்ட சொல்லலாமா' என்று அவர் யோசித்தார்.

"சொல்லுங்களேன்" என்றாள் மனைவி.

அவர் அவளையே பார்த்தார். இத்தனை வருஷமும் இன்பமாகத் தெரிந்தது இப்போது முதுகில் ஐஸ் வைத்தாற்போல் இருந்தது. 'இவளுமா?'

"என்ன நானுமா?" என்றாள் அவள். "டீ ஆறுது, குடிங்க."

அவர் குடிக்கவில்லை.

குழு வரும் நாள் வந்தது. வராமல் தடுக்க வழியில்லை. முயலை அன்று வீட்டில் இருக்கச் சொல்லலாம் என்று பார்த்தார். ஆனால் அவளைப் பார்க்கத்தான் அவர்கள் வருகிறார்கள். தையல்காரியையும் பேச அழைத்திருந்தார்கள். குழுத் தலைவி நரைத்த, ஒடிசலான பெண்மணி. பேச்சு குறைவு. அவளுக்குப் பின்னால் இரண்டு உறுப்பினர்கள், ஆளுக்கொரு பேனாவோடு. தலைமை ஆசிரியர் மூளையைத் துடைத்து வைத்த தட்டுபோல வைத்துக்கொண்டு அவர்களை வரவேற்றார். கிளார்க் அம்மா அன்று இருமி இருமித் தொண்டை கட்டிப்போய்விட்டதால் ஆசிரியர் அறையில் வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

அமைதி அறையில் எல்லாரையும் உட்காரவைத்தார். தையல்காரி ஓரமாக நின்றாள். முயல் வழக்கமான இடத்தில், சுவரைப் பார்த்து.

"என்னோட உரைத் தாளை மட்டும் எடுத்துட்டு வந்துடறேன். நீங்க அமைதியை அனுபவிச்சுக்கிட்டு இருங்க" என்று சொல்லிக் கதவை மெல்லச் சாத்திவிட்டுத் தன் அறைக்கு வந்தார்.

நாற்காலியில் சரிந்தார். கிறீச். தனியாக இருப்பதன் சுகம் உடம்பெல்லாம் பரவியது. அத்தனை நேரம் அடைத்து வைத்திருந்ததெல்லாம் மடை திறந்தாற்போல் உள்ளே ஓடியது. 'அப்பாடா. கிழவி மூஞ்சியைப் பார்த்தா குடுத்துடுவா போலத்தான் இருக்கு. ஒரு வாரம் பல்லைக் கடிச்சுக்கோ. பட்டயத்தை மாட்டு, படம் எடு. அப்புறம் அந்தத் தையல்காரம்மாவைக் கூப்பிடு. உங்க பொண்ணுக்கு இதைவிட நல்ல இடம் இருக்கும்மான்னு ஆரம்பி. அழுவா. அழட்டும். மணியாவது நிம்மதியா அடிக்கலாம்.' நினைத்த பிறகுதான் நெஞ்சு திக்கென்றது. ஐயோ, நினைத்துவிட்டேனே! தாளை எடுத்துக்கொண்டு ஓடினார். அவள் வாயைத் திறப்பதற்குள் போய்விட வேண்டும்.

கதவைத் திறந்தார். உள்ளே ஒருவரும் அசையவில்லை. உறுப்பினர்களின் பேனாக்கள் அந்தரத்தில் நின்றன. சிறப்பு ஆசிரியையின் முகம் வெளிறியிருந்தது. தையல்காரி அவரைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. அளவெடுத்து முடித்தவளின் பார்வை. முயலின் கை படத்தின் வாயில் இருந்தது.

"உங்க உரையைக் கேட்டோம் சார்" என்றாள் குழுத் தலைவி.

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே மேடம்."

"கிழவின்னு ஆரம்பிச்சீங்க."

"இவ சொல்றதை நம்பாதீங்க மேடம்!" என்று முயலைக் காட்டி அலறினார். "இந்தப் பொண்ணு சாதாரணப் பொண்ணு இல்லை. மனசுல இருக்கறதை அப்படியே எடுத்துடுது! நான் எதையும் சொல்லலை. வாயே திறக்கலை. சும்மா உக்காந்து யோசிச்சேன், அவ்வளவுதான்!"

சொல்லி முடித்த பிறகுதான், தான் ஒப்புக்கொண்டது என்ன என்று அவருக்கு உறைத்தது.

"அவ வாயே திறக்கலை சார்" என்றாள் தலைவி. சுவரைச் சுட்டிக் காட்டினாள். "அங்கிருந்து வந்துச்சு. கணீர்னு. உங்க நாற்காலி முனகினதுகூட."

தையல்காரி பெண்ணின் புத்தகப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். "வா பாப்பா. நாலாவதும் முடிஞ்சுது. போலாம்."

முயல் எழுந்திருக்கவில்லை. அம்மா கையைப் பிடித்து இழுத்தாள். முயல் கையை உருவிக்கொண்டு, பஞ்சுச் சுவர்களே அதிரும்படி, பதவியேற்ற நாளிலிருந்து யாரும் எதிர்த்துப் பேசாத அந்தக் குரலில் கர்ஜித்தாள்:

"இது இங்கயே இருக்கட்டும். யாரும் அசைக்கக் கூடாது!"

தையல்காரியின் கை நின்றது. சிறப்பு ஆசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவளைப் பத்தித்தான் மேடம் சொல்றா. இரவல் வாங்கி."

"புரியுது" என்றாள் தலைவி. பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பினாள். "ஹெட்மாஸ்டர் குரல்லயே உத்தரவு வந்தாச்சு. எழுதிக்குங்க. பொண்ணு இங்கயே இருக்கா. அந்த மணியை மாத்தணும். நாலாவது சுவருக்கும் பஞ்சு ஒட்டணும். பட்டயத்தைப் பத்தி அடுத்த வருஷம் இவ இங்க இருக்காளான்னு வந்து பார்த்துட்டுப் பேசலாம்." பிறகு தலைமை ஆசிரியரிடம், "உங்களுக்கு ஆட்சேபணை இருக்கா? யோசிச்சுச் சொன்னாலும் சரி."

அவர் இல்லை என்று தலையசைத்தார். தையல்காரி பையைத் தோளிலிருந்து இறக்கிச் சுவரோரமாக வைத்தாள். மாட்டியபோது இருந்த வேகம் இறக்கியபோது இல்லை.

கூச்சல் கேட்டு, கையில் வெந்நீர் டம்ளரோடு கிளார்க் அம்மா வாசலில் வந்து நின்றிருந்தாள். தலைமை ஆசிரியர் அவளைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க சொல்லுங்கம்மா. நான் பேசினேனா?"

கிளார்க் அம்மா தரையைப் பார்த்தாள். கட்டிய தொண்டையில் சொன்னாள். "சார்... நீங்க யோசிச்சா வெளியில கேக்கும் சார்."

"எப்போலேர்ந்து?"

"நான் வேலைக்குச் சேர்ந்தப்பவே அப்படித்தான் சார். வெளியாளுங்க வந்தா இருமிடுவேன். அப்புறம் ஃபேனைக் கூட்டி வெச்சுடுவோம்."

"அந்த டீ? ஃபைல்?"

"காதுல விழும். எடுத்துட்டு வருவோம்."

"கால் ஆணி?"

"உங்க வீட்டம்மாவுக்கு ஃபோன் பண்ணிச் சொன்னதே நான்தான் சார்."

அவர் குரல் இறங்கியது. "பச்சைக் குடை?"

"அதுக்கு எங்க எல்லாருக்குமே வருத்தம்தான் சார்."

முயல் காதுக் கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டாள். லிஃப்ட் பெண்ணின் இனிய குரலில், "கதவுகள் மூடப்படுகின்றன" என்றாள். யாரும் நகரவில்லை. ஆசிரியைக்கு மட்டும் புரிந்து, அவளை வகுப்புக்கு அழைத்துப் போக எழுந்தாள்.

"இத்தனை வருஷத்துல ஒருத்தராவது என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றார் தலைமை ஆசிரியர்.

"உங்களுக்கு அப்படித்தான் யோசிக்க வருது போலன்னு விட்டுட்டோம் சார்" என்றாள் கிளார்க் அம்மா. "அதுக்குத் தகுந்த மாதிரி நாங்க பழகிக்கிட்டோம்."

அவர் உதடுகளை இறுக மூடிக்கொண்டு, தன் அறைக்குத் திரும்பி, கதவைச் சாத்தி, நாற்காலியில் உட்கார்ந்தார். 'மானம் போச்சு' என்று மனதுக்குள் நினைத்தார்.

அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் கேட்டது.